பாட்டிலைப் பார்க்கும் முன்

மூத்திர பாட்டிலை வாங்கியதும் எங்கள் லேப்காரர் அதைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளைத்தான் பார்ப்பார். பெயர் கேட்பார், வயது கேட்பார், ரிஜிஸ்டரில் எழுதுவார். அப்புறம் மூன்று கேள்வி.

"எப்பப் பிடிச்சது? நேத்து என்ன சாப்பிட்டீங்க? தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பாட்டிலின் மூடியைத் திறக்க மாட்டார். கொடைக்கானல் குளிரில், வாயைத் திறந்தால் புகை வருகிற காலை நேரத்தில், சால்வைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிற பெண்களுக்கும் அதே மூன்று கேள்விதான். ஸ்கூல் வாத்தியார்களுக்கும் அதேதான். ஒரு முறை பங்குச் சாமியாரே நீர்க்கடுப்பு என்று வந்து நின்றார். இவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நேத்து என்ன சாப்பிட்டீங்க, சாமி?" என்றார்.

"பாவசங்கீர்த்தனம் நாங்கதாம்ப்பா கேக்கணும். நீ எங்கிட்டயே கேக்குறியா?"

"நீங்க பாவத்தக் கேப்பீங்க, சாமி. நான் சோத்தத்தான் கேக்குறேன். சொல்லுங்க."

சாமியார் கொஞ்சம் தயங்கிப் பன்றிக்கறி என்றார். முந்தின நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி தொடக் கூடாத நாள். இவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் அதையும் எழுதிக்கொண்டார். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன்.

ஊருக்குச் சற்று வெளியே இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அது. மொத்தம் இருபது கட்டில். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஆயாவாகச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. சீட்டில் பெயர் எழுதத் தெரியும் என்பதால் எனக்கு லேப் வேலை கொடுத்தார்கள். வெள்ளனே எழுந்து வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மூத்திர பாட்டிலை வாங்கி, பெயர்ச்சீட்டு ஒட்டி, லேப் மேசையில் வரிசையாக வைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் சோடா உப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பதினொரு வருஷம் இதுதான் என் சோலி. பதினொரு வருஷமும் அவரோடுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடும். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. 'ஒண்ணுக்கு டாக்டர்' என்றுதான் மார்க்கெட்டில் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். "டாக்டர்னு சொல்றாங்கள்ல, அது போதும் தங்கச்சி" என்பார். அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு அவரை மச்சான் ஆக்கிக்கொண்டார்.

ஒல்லியான ஆள். காப்பி நிற ஸ்வெட்டரின் முழங்கைகள் இரண்டும் கிழிந்து, ஒன்றில் பச்சை நூலும் ஒன்றில் சிவப்பு நூலும் போட்டுத் தைத்திருக்கும். சிலோனில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். பேச்சில் அந்த வாடை போகவே இல்லை. எதைச் சொன்னாலும் முடிவில் "வெளங்குச்சா?" என்பார். எதற்காக இப்படி எல்லாரையும் குடைந்து கேட்கிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "எங்க தோட்டத்துல யாரும் எதையும் கேக்க மாட்டாங்க தங்கச்சி. காய்ச்சலா, வயித்துவலியா, மாசமா இருக்கியா, எல்லாத்துக்கும் ஒரே செகப்பு மிக்சரு. லயத்து வீட்டுலருந்து வரிசையில வந்து வாயத் தொறக்கணும், ஊத்துவாங்க. எங்க அக்கா அப்படித்தான் போச்சு" என்றார். கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கண்ணாடி என்றால் மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கிற வட்டக் கண்ணாடி. பல்பு வைத்த மைக்ராஸ்கோப் அப்போது எங்களிடம் இல்லை. ஜன்னல் வழியே வருகிற வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி பிடித்து மேலே அனுப்ப வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் எங்கள் ஜன்னலில் எதுவும் தெரியாது. எதிரே நிற்கிற யூகலிப்டஸ் மரமே இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நர்ஸ் வந்து கத்துவார். டாக்டர் ஆள் அனுப்புவார். அசைய மாட்டார். "வெளிச்சம் இல்ல. வெளிச்சம் வந்ததும் பாப்பேன். பாக்காதத நான் எழுத மாட்டேன், வெளங்குச்சா?" சில நாள் சாயங்காலம் வரை வெளிச்சம் வராது. ரிஜிஸ்டரில் 'வெளிச்சம் இல்லை' என்றே எழுதி வைப்பார்.

அந்த ரிஜிஸ்டரும் ஒரு வேடிக்கை. அச்சடித்த கட்டங்கள் போதாது என்று ஸ்கேல் வைத்து அவரே மூன்று கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருப்பார். பிடித்த நேரம், சாப்பிட்டது, குடித்தது. புதிதாகக் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த சின்ன டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழைய சோறு, கருவாடு, கடுங்காப்பி ரெண்டு... என்ன மேன் இது? லேப் ரிஜிஸ்டரா, ஹோட்டல் மெனுவா?" என்று சிரித்தார்.

அதே டாக்டர் அடுத்த வாரமே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பள்ளங்கியிலிருந்து ஓர் அம்மாள் பஸ்ஸில் பாட்டில் கொண்டுவந்திருந்தார். மோர் மாதிரி வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. டாக்டர் ஜன்னலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சீழ். ஊசி போடணும்" என்று சீட்டு எழுதப் போனார். இவர் அந்த அம்மாளிடம் எப்போது பிடித்தது என்று கேட்டார். "கோழி கூவையில" என்றார் அவர். பாட்டிலிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, இவர் பாட்டுக்கு நின்றார். டாக்டருக்குக் கோபம். சற்று நேரம் கழித்து எடுத்துக் காட்டினால் குழாயில் இருந்தது தெளிந்து கிடக்கிறது.

"குளிர்ல நமக்கே வெறைக்குது சார். அதுக்கு வெறைக்காதா? இது சீழு இல்ல. உப்பு. சூடு பட்டா கரைஞ்சிரும்."

இன்னொரு நாள் ஒருவன் மனைவியோடு வந்தான். இரண்டு பேரும் அழுதுகொண்டே வந்தார்கள். பாட்டில் நிறைய ரத்தச் சிவப்பு. இவர் வழக்கம்போல அவனைத்தான் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு தாங்க."

"சோத்தோட?"

"ஒண்ணுமில்லீங்க. காட்டுல பீட்ரூட்டு புடுங்கையில பச்சையா கடிச்சோம்."

"எத்தன?"

அவன் மனைவி குறுக்கே விழுந்தாள். "எத்தனன்னு கேக்குறீக? மாடு கணக்கா மென்னாருங்க. பந்தயங் கட்டி!"

அங்கே மின்சாரமில்லாத, கையால் சுற்றுகிற சுழற்சி யந்திரம் ஒன்று இருந்தது. குழாயை அதில் வைத்து அவனையே சுற்றச் சொன்னார். நிறுத்தியதும் எடுத்துக் காட்டினார். "ரத்தம்னா அடியில போயி பொட்டு மாதிரி ஒக்காந்துரும், மேல தெளிஞ்சிரும். இது பாருங்க, ஒக்காரவே இல்ல. சாயம். போயி வேலயப் பாருங்க." போகிற வழியெல்லாம் மனைவி அவனை ஏசிக்கொண்டே போனாள். பீட்ரூட் சீசன் வந்தால் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவார்கள். எங்களுக்குச் சிரிப்பாகிவிட்டது. சிவப்புப் பாட்டிலோடு ஆள் வந்தால் நான் வாசலிலேயே "பீட்ரூட்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எல்லாம் சிரிப்பில் முடியவில்லை. வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறை கூட்டுகிற பெண், இருபது வயதுகூட இருக்காது, மாதம் தவறாமல் நீர்க்கடுப்போடு வருவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலில் உதடு வெடித்துப் போய் வருவாள். அவளிடம் மூன்றாவது கேள்வி கேட்டபோது அவள் வாசல் பக்கம் பார்த்தாள். இவரும் விடவில்லை.

"தண்ணி எவ்வளவு குடிச்சீங்கம்மா?"

"குடிக்கல."

"ஏன்?"

"குடிச்சா போகணும்ல. எங்கிட்டுப் போறது? பத்து ரூமுக்கும் பாத்ரூம் நாந்தான் கழுவுறேன். நாங்க அதுல போகக் கூடாதுன்னு சொல்லிருக்காக. பொழுது சாஞ்சதும் காட்டுப் பக்கம் போவோம்."

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டக்கானல் வரை நடந்தே போய் விடுதிக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த மாதம் அந்தப் பெண் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "மருந்து இங்க இருக்கு தங்கச்சி. சீக்கு அங்க கெடக்கு" என்றார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பயந்த பிறவி. தலை வலித்தால் மூளையில் கட்டி என்று நினைப்பேன். என் வீட்டுக்காரர் காய்கறி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கினால், லாரி மலையிலிருந்து உருளுகிற மாதிரி எனக்குத் தெரியும். அவர் ஆயக்குடிக் கொய்யாப் பையோடு வாசலில் வந்து நிற்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரி வேலை என் பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஒவ்வொரு கட்டிலிலும் இருக்கிற வியாதி எனக்கும் இருப்பதாகத் தோன்றும். மாதம் ஒரு முறையாவது என் பாட்டிலையும் வரிசையின் கடைசியில் வைத்துவிடுவேன். முதல் இரண்டு வருஷம் எல்லாரையும் போல என்னையும் மூன்று கேள்வி கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

"நீங்களா? வைங்க." பார்ப்பார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. போயி நிம்மதியா தூங்குங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பாட்டில் வைத்தேன் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. இவர் சொன்னால் அன்றைக்குத் தூக்கம் வரும். பங்குச் சாமியாரைக்கூடக் கேள்வி கேட்கிறவர் என்னைக் கேட்பதில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகள் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அது பீட்ரூட் வெட்டு நடக்கிற நேரம். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொல்லைப்புறச் சிமெண்ட் வாய்க்காலில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தார். தண்ணீர் ஊற்றப் போன நான் பார்த்தேன். சிவப்பு.

"என்னங்க இது?"

"பீட்ரூட்டுடி. லோடு ஏத்தையில ரெண்டு கடிச்சேன். ஒங்க ஆஸ்பத்திரியில தெனம் சிரிக்கிற சோலிதானே?"

"வலி இருக்கா?"

"ஒரு எழவும் இல்ல. ஆள விடு."

என்னால் விட முடியவில்லை. உடம்புச் சூடாக இருக்கும் என்று பார்லி காய்ச்சினேன். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு செம்பு, விடிந்ததும் ஒரு செம்பு. அவர் திட்டிக்கொண்டே குடித்தார். குடித்ததும் பாட்டிலில் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்று வார்டில் நிறைய வேலை. பிரசவம் இரண்டு. பாட்டில் என் பையிலேயே கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் லேபுக்கு எடுத்துப் போனேன்.

"அண்ணே, இது எங்க வீட்டுக்காரரோடது. நேத்து செவப்பா போச்சு."

அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். சிரித்தார்.

"மாப்பிள்ளையும் கடிச்சிட்டாரா? வைங்க."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத்தான் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். அலட்சியமாகப் பார்க்கவில்லை. யந்திரத்தில் சுற்றினார், கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்தார், வெகுநேரம் பார்த்தார். அன்று வெயில் நன்றாக இருந்தது.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சுத்தமா இருக்கு. அவர வேலைக்கு அனுப்புங்க. நீங்க நிம்மதியா தூங்குங்க."

நான் தூங்கினேன். எட்டு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். என் ஆயுசில் நான் பயமில்லாமல் இருந்தது அந்த எட்டு மாதம்தான். வீட்டுக்காரர் இளைத்தார். லோடு தூக்குகிற உடம்பு இளைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். நடுவே இரண்டு மூன்று தடவை சிவப்பாகப் போயிருக்கிறது. அவர் என்னிடம் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, "ஒங்க அண்ணனே ஒண்ணுமில்லன்னுட்டாருல்ல. ஒங்கிட்டச் சொன்னா மறுபடி பார்லியக் கரைச்சு ஊத்துவ" என்றார்.

இருமல் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கினார். இடது விலாவுக்குக் கீழே அவர் கை நின்றது. எடுக்கவில்லை. இன்னொரு கையை முதுகுப் பக்கம் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு டாக்டர் கை அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு யூரின் பாத்துருவோம்" என்றார் டாக்டர்.

நானேதான் கொண்டுபோய் வைத்தேன். சிவப்பாக இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குழாயில் ஊற்றி யந்திரத்தில் வைத்துச் சுற்றினார். நின்றதும் எடுத்தார். மேலே தெளிந்துவிட்டது. அடியில் சிவப்புப் பொட்டு உட்கார்ந்திருந்தது.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்குக் கொண்டாந்தீங்கள்ல. அது எப்பப் பிடிச்சது?"

"விடிஞ்சதும்ணே."

"எங்கிட்ட மத்தியானம் குடுத்தீங்க."

"ஆமாண்ணே. வார்டுல வேல."

"என்ன குடிச்சிருந்தாரு?"

"பார்லித் தண்ணி. ராத்திரி ஒரு செம்பு, காலையில ஒரு செம்பு. நாந்தான் குடுத்தேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவ்வளவு குடித்துப் போன மூத்திரத்தில், அதுவும் மணிக்கணக்கில் வைத்திருந்தால், ரத்த அணு ஊறி உடைந்து கரைந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் தெரியாது. கட்டி தினமும் ரத்தம் விடாது என்பதும் உண்டு. இதெல்லாம் அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார், வேறு யாருடைய பாட்டிலையோ வைத்துக்கொண்டு. எனக்கும் தெரிந்த விஷயம்தான். நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

மதுரைக்குப் போனோம். வத்தலக்குண்டு இறங்குகிறவரை பஸ்ஸில் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்தே வந்தார். கையில் மருந்து ஏற்றி, சிறுநீரகம் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் பூ மாதிரி விரிந்திருந்தது. இடது பக்கம் அந்தப் பூவை யாரோ கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது. நெஞ்சுப் படத்தில் அங்கங்கே காசு காசாக வெள்ளை வட்டம். கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டது, அறுத்து எடுத்தும் பிரயோஜனமில்லை என்றார்கள். பெரிய டாக்டர் படத்தை உறையில் போட்டுக்கொண்டே, "மொதல்ல செவப்பா போனப்பவே வந்திருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். தினமும் வேலை முடிந்ததும் அண்ணன் வந்துவிடுவார். ஸ்வெட்டர் பையில் சின்ன பாட்டில் இருக்கும். எந்த டாக்டரும் கேட்கவில்லை, பார்த்து இனி ஆகப் போவதும் ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வார்.

முதல் நாள் என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், இன்னைக்கும் பீட்ரூட்டா?"

கேலிக்குத்தான் கேட்டார், குத்திக் காட்டவில்லை. அவருக்குக் குத்தத் தெரியாது. ஆனால் அண்ணன் முகம் அப்போது போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"எப்பப் பிடிச்சது?" என்று கேட்கிற சத்தம் உள்ளே கேட்டது. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அப்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாய் கஞ்சிகூட இறங்காது. ஆனால் பதில் மட்டும் விலாவாரியாகச் சொல்வார். "எழுதிக்க மச்சான். ஆயக்குடிக் கொய்யா நாலு. பழனியில ராவுத்தர் கடை பிரியாணி ஒண்ணு. பத்தாதுன்னு இன்னொண்ணு. பஞ்சாமிர்தம் ஒரு டின்னு."

"தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

"சண்முகா நதியில பாதி."

பாக்காததை எழுத மாட்டேன் என்று சொன்ன மனுஷன், அவர் சொன்ன ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டார். கொய்யா நான்கு. பிரியாணி இரண்டு. நாற்பத்தோரு நாள் அப்படி எழுதினார். நாற்பத்திரண்டாம் நாள் அவர் வந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பாட்டிலைப் பையிலிருந்து எடுக்காமலே முற்றத்தில் நின்றுவிட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது? அவர் எதிரே அதே குழாயடியில் அதே பாட்டில்களைக் கழுவினேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கேட்க வேண்டியிருக்கும். அவர் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டு எல்லாரையும் கேள்வி கேட்டார். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் பாட்டில் வந்தால், தாயிடம் அவள் சாப்பிட்டதைக் கேட்டார். வரிசை வாசல் தாண்டி நின்றது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். யாரிடமும் ஒண்ணுமில்லை என்ற சொல்லை மட்டும் அவர் சொல்வதில்லை. "இன்னைக்கு இதுல தெரியல. ஒரு வாரங் கழிச்சு மறுபடி கொண்டாங்க" என்பார். நிம்மதியாகத் தூங்குங்கள் என்று யாருக்கும் சொன்னதில்லை.

ஒருநாள் மேசை துடைக்கும்போது பழைய ரிஜிஸ்டர் கையில் பட்டது. திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. திறந்து திறந்து அந்தப் பக்கம் தளர்ந்து போயிருந்தது, தானாக விரிந்தது. மேலும் கீழும் எல்லா வரிகளும் நெருக்கி எழுதி நிறைந்திருந்தன. கூழ், கம்பங்களி, கடுங்காப்பி. நடுவில் ஒரு வரி மட்டும் வெறிச்சென்று கிடந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தங்கச்சி வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தார். வயது இல்லை. மூன்று கட்டமும் காலி. கடைசிக் கட்டத்தில் மட்டும் இங்கிலீஷில் 'நில்', ஒன்றுமில்லை என்று.

அந்த மழைக்காலத்தில் எனக்கே நீர்க்கடுப்பு வந்தது. எரிச்சல், குளிர்காய்ச்சல், இடுப்பு விட்டுப் போகிற வலி. நான் பாட்டில் வைக்கவில்லை. பயப்படுவதற்கு யார் மிச்சம்? மூன்று நாள் நான் நடக்கிற நடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவராகவே ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பிடிச்சுக் கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார். பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

இத்தனை வருஷமாகத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். சொன்னேன். எழுதினார்.

"வயசு?"

"முப்பத்தெட்டு."

"எப்பப் பிடிச்சது?"

"இப்பத்தான். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"எப்பப் பிடிச்சது?"

"இப்ப."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு பன்னு."

"தண்ணி?"

"ஒரு டம்ளர் இருக்கும்."

பேனா ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. மை இரண்டு இடத்தில் இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் ஜன்னலில் மேகம் இறங்கிவிட்டது. யூகலிப்டஸ் மரம் மறைந்தது. பாட்டிலிலிருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாய் ஆறிவிடாமல் இருக்க அதை ஸ்வெட்டருக்குள் விட்டு இடுக்கிக்கொண்டு, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் குழாயடித் திண்டில் உட்கார்ந்தேன். நர்ஸ் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெளிச்சம் வருகிறவரை நாங்கள் இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளிச்சம் வந்தது. பார்த்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி பார்த்தார்.

"சீழ் இருக்கு. ரத்தம் இல்ல."

பத்து நாள் மாத்திரையில் எனக்குச் சரியாகிவிட்டது. சரியாகிவிடுகிற ஒரு வியாதிக்கு அவர் அத்தனை கேள்வியையும் கேட்டார். நானும் ஒன்று விடாமல் பதில் சொன்னேன்.